9 லட்சம் கொடுத்தால் வாடகையே வேண்டாம் என்கிறார்கள், நம்பிக் குடி போகலாமா?

வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குத் துரைப்பாக்கத்தில் ஐடி கம்பெனி வேலை, இத்தனை நாளும் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். மகளை ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதால், முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு குடும்பமே சென்னைக்கு வருகிறது. மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்றைப் புரோக்கர் காட்டியிருக்கிறார். வாடகை 18,000, அட்வான்ஸ் பத்து மாதத்துக்கு 1,80,000. இல்லையென்றால் 9 லட்சத்துக்கு லீஸ்: மூன்று வருடம் வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், அவருடைய சித்தப்பா மகன்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார், கையெழுத்தும் அவரே போடுவாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் 20,000 டோக்கன் கொடுக்காவிட்டால் வீடு போய்விடும் என்கிறார் புரோக்கர்.

"ஊரில் ஒத்தி வீட்டில் இருந்து பழகியவர்கள்தான் நாங்கள். 9 சதவீத வட்டிக்கு நகையை வைத்தாலும் லீஸ்தானே லாபம்? 11 மாத அக்ரிமென்ட் போட்டு நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார் கணவர், சரியா? மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? குடி போவதற்கு முன்னால் வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஞாயிற்றுக்கிழமைக் கெடுவை மறந்துவிடுங்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் விட இதுதான் அவசரம். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

உங்கள் கணக்கு தப்பில்லை. 9 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 81,000, மாதத்துக்கு 6,750. வாடகை 18,000. ஆக மாதம் 11,250 மிச்சம், மூன்று வருடத்தில் 4 லட்சத்துக்கு மேல். ஒரு மகளை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அதே கணக்கை வீட்டுக்காரர் பக்கம் நின்றும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாதம் 18,000 வாடகையை அவர் விடுகிறார், வருடத்துக்கு 2,16,000. அதற்குப் பதிலாகக் கையில் 9 லட்சம் வாங்குகிறார். அப்படியென்றால் அவர் உங்களிடம் வருடத்துக்கு 24 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று அர்த்தம். சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர், அதை வங்கியில் காட்டினால் அதில் பாதிக்கும் குறைவான வட்டிக்கே கடன் கிடைக்கும். அப்படியிருக்க ஏன் இவ்வளவு வட்டிக்கு வாங்குகிறார்?

எல்லோருமே கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வருமானச் சான்று இருக்காது, சிலருக்கு மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, அவசரத் தேவை. ஆனால் வங்கியில் ஏற்கெனவே வீட்டை வைத்துவிட்டவர்கள், அண்ணன் தம்பி பங்குத் தகராறு உள்ளவர்கள், பத்திரத்தைத் தனியார் ஃபைனான்ஸில் கொடுத்துவிட்டவர்கள், இவர்களுக்கும் கடைசியில் மிஞ்சும் வழி லீஸ்தான். இதில் உங்கள் வீட்டுக்காரர் எந்த ரகம் என்று காகிதத்தைப் பார்க்காமல் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதைவிட மோசமான இன்னொரு வகையும் சென்னையில் பல வருடமாக நடக்கிறது. நடுவில் ஒருவர் வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார். அதையே தன் பொறுப்பில் உள்ள வீடு என்று சொல்லி உங்களைப் போன்ற குடும்பத்துக்கு லீஸுக்கு விடுவார். உங்கள் 9 லட்சத்திலிருந்தே சில மாதம் வீட்டுக்காரருக்கு ஒழுங்காக வாடகை போகும். அப்புறம் ஃபோன் அணைந்துவிடும். வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, "நீங்கள் யார், என் வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். அவர்மேலும் தப்புச் சொல்ல முடியாது, அவர் உங்களிடம் பத்துப் பைசா வாங்கவில்லையே. துபாய் வீட்டுக்காரர், கையெழுத்துப் போடும் சித்தப்பா மகன் என்று படித்தவுடன் எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. உங்கள் விஷயத்தில் அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் நகை வங்கிக்குப் போக வேண்டும்.

ஊரில் ஒத்தி என்றால் பெரும்பாலும் தெரிந்த குடும்பம், தெரிந்த வீடு, பேச்சுக்கு நாலு பெரியவர்கள் சாட்சி. இங்கே அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. சட்டத்திலும் ஒத்தியை ஒரு வகை அடமானமாகத்தான் பார்க்கிறார்கள். வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கொடுக்கிறீர்கள் என்றால் அந்தப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் சான்று) உங்கள் பெயர் ஏறும், வீட்டை விற்றாலும் வாங்குபவர் உங்கள் பணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரும் நோட்டரி முத்திரையும் மட்டும் இருந்தால், நாளை வீட்டுக்காரர் பணம் தராதபோது அது வாடகையா, கடனா, அடமானமா என்ற வாதமே வருடக்கணக்கில் இழுக்கும்.

வீடு வங்கி அடமானத்தில் இருந்து தவணை கட்டாமல் போனால் இன்னும் சிக்கல். 2002-இன் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வழக்குப் போட்டுக் காத்திருக்காமலேயே வீட்டைக் கையகப்படுத்த முடியும். மாஜிஸ்திரேட் உத்தரவோடு வங்கி ஆட்கள் வாசலில் வந்து நிற்கும்போது, பதிவில்லாத அக்ரிமென்டைக் காட்டி நீண்ட நாள் தடுத்து நிறுத்த முடியாது. கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வாடகைதாரருக்கும் வழி உண்டு. ஆனால் அங்கே முதலில் கேட்பது, உங்கள் குத்தகை எப்போது தொடங்கியது, பதிவானதா என்றுதான். உங்கள் 9 லட்சத்துக்கு வங்கி பொறுப்பாகாது.

இன்னொரு சின்ன விஷயம். உங்கள் கணவர் பழைய வரித் திட்டத்தில் இருந்து வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்பவர் என்றால், லீஸில் வாடகையே இல்லாததால் அதுவும் கிடைக்காது. மிச்சக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, இந்த வீட்டுக்கு லீஸ் வேண்டாம். லீஸே கூடாது என்று நான் சொல்வதில்லை. வீட்டுக்காரர் நேரில் வந்து, மூலப்பத்திரத்தைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, பதிவுக்கும் சம்மதிக்கிற இடத்தில் நானே சரி என்று சொல்லியிருக்கிறேன். நகையை வைத்து, யாரென்று தெரியாத ஒருவர் கையெழுத்துக்கு 9 லட்சம் கொடுப்பது வேறு. வாடகைக்கே போங்கள். அதற்கும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

யார் வீடு, யார் கையெழுத்து

சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண், மூலப்பத்திரத்தின் முதல் பக்கங்கள், வீட்டுக்காரரின் அடையாள அட்டை. இந்த நாலிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாறினால் காரணம் கேளுங்கள். அப்பா பெயரில் இருந்து இன்னும் மாற்றவில்லை என்பது சாதாரணமாக நடப்பதுதான், அப்போது மற்ற வாரிசுகள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்திர எண் கிடைத்தால் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம், வீட்டிலிருந்தே முடியும். அதில் வங்கி அடமானம் தெரிந்தால் உடனே பயந்துவிட வேண்டாம், வீட்டுக்கடன் இல்லாத ஃப்ளாட் எத்தனை இருக்கிறது! மாத வாடகைக்குப் போகிறவருக்கு அதில் பெரிய ஆபத்து இல்லை, உங்கள் ரிஸ்க் அட்வான்ஸ் பணம் மட்டும்தான். ஆனால் தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் வில்லங்கத்தில் வராது. அதனால்தான் ஜெராக்ஸை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது என்கிறேன்.

சித்தப்பா மகனிடம் பவர் பத்திரம், அதாவது வீட்டுக்காரர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டில் எழுதிக் கொடுத்த பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அதில் வாடகைக்கு விடவும், அட்வான்ஸ் வாங்கவும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்று வரிக்கு வரி படியுங்கள். "நிலத்தைப் பராமரிக்க" என்று மட்டும் இருக்கும் பவர்களும் உண்டு. பவர் இல்லை என்றால் அவர் உங்களுக்கு மூன்றாம் மனிதர்தான். பவர் இருந்தாலும் வீட்டுக்காரரோடு ஒருமுறை வீடியோ காலில் பேசிவிடுங்கள். பணம் வீட்டுக்காரர் கணக்குக்கே போக வேண்டும், சித்தப்பா மகனின் ஜிபே எண்ணுக்குப் போகக் கூடாது.

துபாய் என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், பலருக்கும் தெரியாத விஷயம். வீட்டுக்காரர் வருமான வரிச் சட்டப்படி என்.ஆர்.ஐ. என்றால், வாடகையில் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாடகை கொடுப்பவருடையது. மாதம் 50,000-க்கு மேல் இருந்தால்தான் பிடிக்க வேண்டும் என்பது உள்நாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கான விதி. என்.ஆர்.ஐ.க்கு அந்த வரம்பு கிடையாது, பொதுவாக 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டியிருக்கும். அவர் குறைந்த விகிதத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தரலாம். பிடிக்காமல் விட்டால் பின்னால் நோட்டீஸ் உங்கள் கணவர் பெயருக்கு வரும். ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடமும் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். "அதெல்லாம் வேண்டாம், கேஷாகக் கொடுங்கள்" என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

11 மாத அக்ரிமென்டும் மூன்று மாத அட்வான்ஸும்

உங்கள் கணவர் சொல்வது பழைய கணக்கு. ஒரு வருடத்துக்கு உட்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால்தான் 11 மாதம் என்ற பழக்கம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது, பதிவானதும் ஒரு எண் தருவார்கள். சார்பதிவாளர் பதிவு வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டுக்காரர் சேர்ந்து வராவிட்டால் வாடகைதாரர் தன் பக்கத்திலிருந்து விவரம் கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பதிவு எண் இல்லாமல் நாளைக்கு வாடகை நீதிமன்றத்தில் போய் நின்றால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும்.

அட்வான்ஸ் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் "வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்ல முடியாது. ஆக இதைப் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். மூன்றுக்கு வரமாட்டார்கள், மடிப்பாக்கத்தில் ஐந்து, ஆறு மாதம் என்று பேசிப் பாருங்கள். சட்டத்தை எடுத்து வீசாமல், "நகை வைத்துத்தான் தர வேண்டும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாக எழுத வையுங்கள்.

பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், உடைந்த ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, படித்துவிட்டுப் பேசினால் பேச்சு சுலபமாக முடியும். வாடகையை வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

மடிப்பாக்கம், தரைத்தளம்

இந்த இரண்டு வார்த்தையும் ஒன்றாக வந்தால் முதல் கேள்வி வெள்ளம்தான். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் போனது. எல்லாத் தெருவும் ஒன்று போல இல்லை, ஒரு தெருவில் இடுப்பளவு நின்றபோது அடுத்த தெருவில் வாசல்படியோடு நின்ற இடங்களும் உண்டு. ஆகவே தெருவைத்தான் விசாரிக்க வேண்டும். புரோக்கரிடம் கேட்காதீர்கள். முனையில் இஸ்திரி போடுகிறவர், மளிகைக் கடைக்காரர், எதிர்வீட்டுப் பாட்டி, இவர்களிடம் "மிக்ஜாம் சமயத்தில் இங்கே எவ்வளவு நின்றது?" என்று கேட்டால் கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

வீட்டிலும் தடயம் இருக்கும். நீங்கள் "புதுப் பெயிண்ட், பளிச்சென்று இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சுவரின் கீழ்ப் பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள், ஓதம் இருந்தால் பெயிண்ட் மேலே கொப்புளம் தட்டியிருக்கும், தட்டினால் மாவு மாவாக உதிரும். மரக் கதவின் அடிப்பக்கம் ஊறி உப்பியிருக்கிறதா, இரும்பு கேட் அடிப்பக்கம் மட்டும் துருப்பிடித்திருக்கிறதா, மீட்டர் பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முன்பு தண்ணீர் ஏறிய வீடுகளில் மீட்டரையும் பிளக் பாயின்டுகளையும் உயர்த்தி வைத்திருப்பார்கள், அதுவே ஒரு பதில். சாலை வீட்டைவிட உயர்ந்துவிட்டதா என்றும் தெருவில் நின்று பாருங்கள். மாமியாரால் வெள்ளத்தில் மாடிக்கு ஏற முடியாது என்பதை மறக்க வேண்டாம். லிஃப்ட் உள்ள முதல் மாடி வீடு கிடைத்தால் ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் நல்லது.

அடுத்தது தண்ணீர். வீட்டை மாலையில் பார்த்திருக்கிறீர்கள். காலை ஆறரை, ஏழு மணிக்கு இன்னொருமுறை போங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஃப்ளஷும் செய்து பாருங்கள். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு என்று அர்த்தம், அப்போது குடிக்கவும் சமைக்கவும் கேன்தான். மெட்ரோ வாட்டர் சம்ப்பில் வருகிறதா, கோடையில் லாரி வாங்கினால் யார் பணம் கொடுப்பது, மோட்டார் போடுவது யார் கையில் என்று மற்ற வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். 2019 கோடையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பா, சப் மீட்டரா என்று கட்டாயம் கேளுங்கள். இலவச யூனிட் என்பது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும்தான். மூன்று குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் யூனிட் எல்லாம் சேர்ந்து மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போய்விடும், அதற்கு மேல் வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் சொல்வார். இணைப்பு எண்ணைப் போட்டால் பழைய பாக்கி இருக்கிறதா என்றும் இணையத்தில் தெரியும். குழந்தை இருக்கும் வீடு, ஆகவே மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் கருவி) இருக்கிறதா என்று பார்த்து அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள், உடனே கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாற்றித் தந்த பிறகே குடி போங்கள்.

மாமியாருக்கு வெஸ்டர்ன் டாய்லெட், பாத்ரூம் படி உயரம், மேல் வீட்டுப் பாத்ரூம் உங்கள் சீலிங்கில் கசிகிறதா என்பதையெல்லாம் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சாவி வாங்கும் நாள்

சாமான் இறங்குவதற்கு முன்னால், காலியான வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். விரிசல், உடைந்த டைல்ஸ், கறை, மீட்டர் ரீடிங் எல்லாம் அதில் வர வேண்டும். எத்தனை ஃபேன், லைட், கீசர், சாவி என்று ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். வீடியோவை அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், காலி செய்கிற அன்று "இந்த விரிசல் உங்களால்தான்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

குடியேறிய பிறகு ஏதாவது சச்சரவு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், உடனே இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. நினைத்த நேரத்தில் உள்ளே வருவதும் முடியாது, 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். கூடவே உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் இருந்தால் வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி டோக்கன். புரோக்கருக்கு இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "லீஸ் வேண்டாம், வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். சொத்து வரி ரசீது, பவர் பத்திரம், மூலப்பத்திரம் பார்க்க வேண்டும், ஓனரோடு வீடியோ காலில் பேச வேண்டும். சரியாக இருந்தால் அன்றே ஓனர் அக்கவுண்டுக்கு டோக்கன் போடுகிறோம். ஒப்பந்தம் நடக்காவிட்டால் டோக்கன் திரும்ப வர வேண்டும்." உண்மையான வீடு என்றால் இரண்டு நாளில் எல்லாம் கைக்கு வந்துவிடும். "இவ்வளவு கேட்டால் வேறு பார்ட்டி இருக்கிறது" என்று பதில் வந்தால், அந்தப் பார்ட்டிக்கே போகட்டும். ஜூனுக்கு முன்னால் மடிப்பாக்கத்திலும் நங்கநல்லூரிலும் கீழ்க்கட்டளையிலும் காலியாகும் வீடுகள் நிறைய, பள்ளி ஆண்டு முடிகிற ஏப்ரல், மே மாதங்களில்தான் குடும்பங்கள் வீடு மாறும். கணவரின் அறையை இன்னும் ஒரு மாதம் விடாமல் வைத்துக்கொண்டு நிதானமாகத் தேடுங்கள். பவர் பத்திரம் கிடைத்து, படித்துச் சந்தேகம் வந்தால் அதன் நகலோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.